மதுரையைக் கடித்துப் பார்த்தவர்

எங்கள் கம்பெனியில் செக்கிங் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு அக்கா இருந்தார். திருப்பூரில் செக்கிங் அக்காக்களுக்குப் பஞ்சமே இல்லை. தைத்து வரும் உருப்படியை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடி, தவறு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. மற்ற அக்காக்கள் இதைக் கண்ணால் செய்வார்கள். எங்கள் அக்கா கண்ணை நம்ப மாட்டார். கை, காது, முதுகு, பல் என்று உடம்பில் என்னென்ன உண்டோ அத்தனையும் அவருக்குச் செக்கிங் மிஷின்தான்.

துணியை யார் போடப் போகிறார்களோ அந்த ஆளாகவே மாறிப் பார்ப்பார். ஓட்டக்காரர்களுக்கான டி-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தபோது, சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு கம்பெனி காம்பவுண்டை மூன்று சுற்று ஓடினார். யாரோ துரத்துகிறார்கள் என்று நினைத்து வாட்ச்மேனும் கம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மூன்றாவது சுற்றில் அக்கா நின்று, மூச்சு வாங்கியபடி, "அக்குள்ல அறுக்குதுங்க. அத்தனையும் பிரிங்க" என்று தீர்ப்புச் சொன்னார். வாட்ச்மேனுக்கு யாரைப் பிடிப்பது என்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னொரு முறை ஆண்கள் பனியனில் கழுத்து லேபிள் குத்துகிறது என்றார். எங்கள் மேனேஜர் நம்பவில்லை. "போட்டுப் பாருங்க சார். ஆம்பளைங்க போடறத நான் எப்படிங்க போட்டுப் பாக்கறது?" என்று அக்கா மரியாதையாகக் கேட்டார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜரும் வீறாப்பாகப் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் வெளிநாட்டிலிருந்து வந்த பையருடன் மீட்டிங். துணி வாங்க வந்த அந்த மனிதர் என்ன பேசினாலும் எங்கள் மேனேஜர் நாற்காலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினார். லேபிளை மாற்றினோம். அக்காவின் மேல் மேனேஜருக்குக் கறுவம் பிடித்தது அன்றைக்குத்தான் என்பது என் கணிப்பு.

கம்பெனிக்கு வெளியேயும் அதே கதைதான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும் முன் பெஞ்சை ஆட்டிப் பார்ப்பார். அதில் ஏற்கனவே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தொட்டில் கட்டிய வீட்டுக்குப் போனால் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் தொட்டில் கயிற்றில் தொங்கிப் பார்ப்பார். அக்காவுக்குச் சொந்த ஊர் குண்டடம் பக்கம், வாக்கப்பட்டு வந்தது மண்ணரைக்கு. அந்தப் பக்கத்து மரியாதை கொஞ்சமும் குறையாமல்தான் குற்றம் சொல்வார். "தப்பா நெனைக்காதீங்க கண்ணு. நீங்க செஞ்சது மொத்தமுமே தப்புங்க" என்று என்னிடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லியிருப்பார். கோபப்படவும் முடியாது. அவ்வளவு பதவிசாகச் சொல்வார்.

நான் அப்போது மெர்ச்சண்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கும் உத்தியோகம். மடத்துக்குளத்தில் என் வீட்டார் அதை இன்றுவரை ஏதோ பெரிய படிப்புப் படித்தவன் பார்க்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நடந்தது இது. கைக்குழந்தைகளுக்கான உடுப்பு ஆர்டர் ஒன்று வந்திருந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டு, அடியில் டயப்பர் மாற்றுவதற்குத் திறக்கும் மூன்று டிச் பட்டன்கள். இரும்புப் பட்டன், அழுத்தினால் மூடும், இழுத்தால் திறக்கும். இழுக்கும்போது திறக்கலாமே தவிர, துணியை விட்டுக் கழன்று வரக்கூடாது. வந்தால் குழந்தை விழுங்கிவிடும்.

இதைச் சோதிக்க ஒரு மிஷின் உண்டு. பட்டனைக் கவ்விப் பிடித்து இழுக்கும். பையர் சொன்ன அளவுக்குத் தாங்கினால் பாஸ். எங்கள் பட்டன்கள் அத்தனையும் பாஸ். மேனேஜர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகச் செக்கிங் பகுதிக்குப் போனபோது, அக்கா மேஜையின்மேல் உடுப்பை விரித்து, குனிந்து, பட்டனைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பீங்கான் சாசரில் மூன்று பட்டன்கள் கிடந்தன.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"கழண்டு வந்துருச்சுங்க சார்."

"மிஷின் பாஸ் பண்ணிருச்சே."

"மிசினு நேரா இழுக்குதுங்க. கொழந்த நேராவா இழுக்கும்? வாயில போட்டு மென்னு, எச்சல் பண்ணி, ஒரு பக்கமாத் திருகி இழுக்கும். நானும் அப்பிடித்தானுங்க இழுத்தேன்."

"உங்க பல்லு என்னம்மா ஸ்டாண்டர்டு? எந்த நாட்டுல ஒத்துக்குவான்?"

பட்டன் அடிக்கும் மிஷினில் இருந்த பீகார்க்காரரும் கையால் துணியைத் தேய்த்துக் காட்டி, "தீதி, கப்டா பத்லா ஹை" என்றார். துணி மெல்லிசு, அக்கா, என்று சொன்னார். அவர் சொன்னதுதான் உண்மை. குழந்தைக்கு இதமாக இருக்க வேண்டுமென்று துணியை மெல்லியதாக்கியது பையர். அந்த மெல்லிய துணிக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு வைத்துப் பட்டன் அடித்திருக்க வேண்டும். அதைப் பையரிடம் கேட்டு மாற்றியிருக்க வேண்டியவன் நான். கேட்டால் நாள் ஆகும் என்று விட்டுவிட்டேன். இது அக்காவுக்கும் மேனேஜருக்கும் தெரியாது. இந்த நிமிஷம்வரை தெரியாது.

அக்கா கையெழுத்துப் போடாமல் சரக்கு வெளியே போகாது. அது பையர் போட்ட விதி. அவர் வந்தபோதெல்லாம் அக்காவின் மேஜைப் பக்கம்தான் அதிக நேரம் நின்றிருக்கிறார். மேனேஜர் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செக்கிங் பகுதியினர் வேன் வைத்து மதுரை போவதாக இருந்தார்கள். வருடத்தில் ஒரு நாள் டூர், அதற்கு முந்தின வருடம் ஊட்டியில் அத்தனை பேரும் வாந்தி எடுத்ததால் இந்த முறை சமவெளி.

"நீயும் போ. உன்னை அவங்களுக்குப் பிடிக்கும். ஊரைச் சுத்திக் காட்டி, நல்ல மூட்ல இருக்கும்போது இதுல சைன் வாங்கிரு. போட்டோ எடுத்து ஆறு மணிக்குள்ள அனுப்பு. கன்டெய்னர் ஏத்தி ரெடியா நிக்கும். வாங்கிட்டேன்னா அடுத்த மாசம் நீ அசிஸ்டென்ட் மேனேஜர்."

"வாங்கலீன்னா சார்?"

"அவங்கள திங்கக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிரு. நீயே சொல்லிரு."

அக்காவின் வீட்டுக்காரருக்கு வண்டியில் அடிபட்டுக் காலில் கம்பி வைத்திருந்தது. பையன் பாலிடெக்னிக் முதல் வருடம். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் ஒன்பது பெண்கள் இருந்த வேனில் ஒற்றை ஆம்பளையாக ஏறினேன். டிரைவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் தாராபுரம் தாண்டுவதற்குள் அந்தப் பெண்களின் பாட்டுக்கட்சியில் சேர்ந்துவிட்டார்.

கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகளுக்குள் வேன் போகாது என்று வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நாள் முழுக்க நடைதான். மதுரையில் ஒரு வசதி, வீதிகள் எல்லாம் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக இருக்கின்றன. எங்கே திரும்பினாலும் கொஞ்ச நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். நாங்கள் இரண்டு முறை வந்து சேர்ந்தோம். மூன்றாவது முறை அதே பூக்காரம்மா, "என்னத்தா, பிரதட்சணமா?" என்று கேட்ட பிறகுதான் வழி விசாரித்தோம்.

கோயிலில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கினார் அக்கா. மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். சன்னதிக்குள் மட்டும் எதையும் செக் செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அரை நிமிஷம்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஓய்வு. அவர் கண்ணைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தேன். சாந்தமாக இருந்தது. இதுதான் சமயம் என்று பையில் கை வைத்தேன்.

"ஏனுங்கக்கா, அந்த பேபி ஆர்டர்..."

"சாமி எடத்துல கம்பெனிப் பேச்செதுக்குங் கண்ணு. பொறவு பேசலாம்" என்றார். நியாயம்தான். கையை எடுத்தேன்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். நூற்றாண்டுக் கணக்கில் பழையதாகியும் அதற்குப் புது என்றுதான் பெயர். இரண்டு பக்கமும் ஆளுயரச் சிற்பங்கள். அந்தச் சிற்பங்களின் காலடியில் அப்போது டெய்லர்கள் வரிசையாக மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களை வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். அன்று அந்தக் காட்சியைப் பார்த்ததும் எங்கள் ஒன்பது பேரும் அப்படியே நின்றார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்கி, நாலு மணி நேரம் வேனில் குலுங்கி வந்தால் இங்கேயும் தையல் மிஷின்.

கல்லில் ராஜாக்கள் நிற்கிறார்கள், யாளி வாயைப் பிளக்கிறது, ஒருத்தி வீணையோடு சிரிக்கிறாள். ஒன்றையும் எங்கள் கூட்டம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒன்பது பேரும் சிற்பங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டெய்லர்களின் தையலைப் பார்த்தார்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தை வைத்து எண்ணினார்கள். அக்கா ஒரு பெரியவரின் மிஷின் முன்னால் உட்கார்ந்தே விட்டார். வெள்ளைத் தாடி, தலையில் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டை அக்கா எடுத்துத் திருப்பினார், உள்பக்கம் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு நான் தடுப்பதற்குள் ஜாக்கெட்டின் கொக்கியை வாயில் வைத்து ஒரு இழு இழுத்தார்.

பெரியவரின் மிஷின் நின்றது. "ஏத்தா! பசிக்குதுன்னா அங்கிட்டு ஓட்டல் இருக்குல்ல. துணிய ஏன் திங்கிற?"

நான் குறுக்கே விழுந்து, "மன்னிச்சுக்குங்க பாய், இவங்க திருப்பூர், செக்கிங்கு" என்றேன்.

"திருப்பூர்ல கடிச்சுத்தான் செக் பண்ணுவீகளோ?"

அக்கா கொக்கியை வாயிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். "தப்பா நெனைக்காதீங்கய்யா. கெட்டியா இருக்குதுங்க. நாலு தரம் நூலு போட்டிருக்கறீங்க. எங்கூர்ல ரெண்டு தரம்தான் போடுவாங்க."

பெரியவர் கண்ணாடியை மேலே ஏற்றி அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அஞ்சு தரம்" என்றார். "ஒண்ணு உள்ளுக்க. கண்ணுக்குத் தெரியாது. பல்லுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

அக்கா மறுபடி வாங்கிக் கடித்தார். "ஆமாங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அரைமணி நேரம் நூல், ஊசி, எண்ணெய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் இத்தனை வருஷத்தில் அக்கா ஒருவர் வேலையைக் குறை சொல்லாமல் எழுந்ததை நான் பார்த்ததில்லை. அங்கே பார்த்தேன். அந்த நேரத்தில் பேப்பரை நீட்டியிருந்தால் காரியம் ஆகியிருக்குமோ என்று கூட நினைத்தேன். நீட்டத் தைரியம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது தையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவரிடம் போய் எப்படி நீட்டுவது?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாயக்கர் மகாலுக்கு நடந்தோம். அந்த வெயிலில் நடந்தது என் பாவத்துக்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட் வியர்வையில் ஊறிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. மகாலின் தூண்களைப் பார்த்ததும் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அக்கா கழுத்தில் எப்போதும் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒருத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி தூணைச் சுற்றிப் போனாள். டேப் பற்றவில்லை. இரண்டாவது டேப் வந்தது. செக்கிங் பெண்கள் டூருக்கும் டேப்போடுதான் வருவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தூணுக்குத் தூண் அளந்தார்கள்.

காவலாளி ஓடி வந்தார். "அம்மா, தூணைத் தொடாதீங்க!"

"தொடாம எப்பிடிங்க அளக்கறது?" என்றார் அக்கா, உண்மையாகவே சந்தேகம் கேட்கும் குரலில்.

"எதுக்கும்மா அளக்கணும்?"

"அதுக்கும் இதுக்கும் அரை இஞ்சு வித்தியாசம் இருக்குதுங்க. ஆனாப் பரவாயில்லீங்க, இத்தா பெரிய அயிட்டத்துக்கு அது தள்ளுபடி."

காவலாளி நன்றி சொல்லிவிட்டுப் போனார். தூண்களில் கைக்கு எட்டும் உயரம்வரை, வந்து போனவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். காதலன் பெயர், காதலி பெயர், நடுவே அம்பு. அக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். "இத்தன பேரு கையெழுத்துப் போட்டிருக்கறாங்களே, ஒருத்தராச்சும் செக் பண்ணிப்போட்டுப் போட்டாங்களாங் கண்ணு?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சட்டைப் பை அந்த நேரத்தில் ரொம்பக் கனத்தது.

மணி நாலு. மேனேஜரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். மகாலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பத்துத் தூண் சந்து. பழைய அரண்மனையில் மிச்சமான பத்துக் கல்தூண்கள் ஒரு குறுகிய சந்தில் வரிசையாக நிற்கின்றன. தாங்குவதற்கு மேலே எதுவும் கிடையாது. நடுநடுவே கடைகள், தூணில் கட்டிய கரண்டு வயர், அதில் காயும் துண்டு. பெண்கள் துணிக்கடைகளுக்குள் கலைந்து போனார்கள். சந்து முனையில் ஒருவர் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார். "வாரம் பூரா பருத்தியோட மல்லுக்கட்டிப்போட்டு, ஞாயித்துக்கெழமை அதையே குடிக்கறதுங்களா?" என்று சொன்னாலும் அக்கா ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒன்று. ஒரு தூணின் அடியில் உட்கார்ந்தோம்.

பேப்பரை எடுத்து மடியில் விரித்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. என்ன பேப்பர் என்று அவருக்குக் காலையிலிருந்தே தெரிந்திருக்கும்.

"மிசினு பாஸ் பண்ணீருச்சுன்னு சொல்றாங்களல்லங்க. அப்பறம் நான் எதுக்கு? அதையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அக்கா, நீங்க போடலீன்னா நாளைக்கு உங்கள வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்க."

சொல்லியே விட்டேன். சொல்லும்போது பருத்திப்பாலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். எதிரே ஒரு கடைக்காரர் புடவையை உதறி மடித்தார். அதன் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது எனக்கே தெரிந்தது. அக்கா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் அவர் பயந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

பிறகு தோள்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்திருந்த ஒரு குழந்தை உடுப்பை எடுத்தார். எங்கள் ஆர்டர்தான். மஞ்சள் நிறத்தில் வாத்துப் படம் போட்டது. டூருக்கு வந்த இடத்திலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான் கடிச்சா என்ற பல்லு மேல பழி போடறாங்க. நீங்க கடிங்க கண்ணு. கொழந்த கடிக்கறாப்ல, திருகிக் கடிச்சு இழுங்க. வரலீன்னா நான் போட்டுக் குடுக்கறேன்."

மதுரை மாநகரில், பத்துத் தூண் சந்தில், பட்டப்பகலில், மீசை வைத்த ஒருவன் வாத்துப் போட்ட குழந்தைச் சட்டையை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பருத்திப்பால்காரர், "தம்பிக்கு இன்னொரு டம்ளர் ஊத்தவா?" என்று கேட்டார். பட்டன் பல்லில் குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. அதன் பின்னால் துணி எவ்வளவு மெல்லிசு என்பது உதட்டுக்குத் தெரிந்தது.

நான் கடிக்கவில்லை. கடிப்பது போலப் பல்லை வைத்து, கையால் துணியை ஆட்டினேன். கழுத்து நரம்பு புடைக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இழுப்பது போலத் தலையைப் பின்னால் கொண்டுபோனேன். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு வாயிலிருந்து எடுத்துக் காட்டினேன். பட்டன் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

"வரலீங்கக்கா."

அவர் உடுப்பைக் கையில் வாங்கவில்லை. கடித்துப் பார்க்கவும் இல்லை. "பேனா குடுங்க" என்றார். தூணில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு பதில் வந்தது. திரும்பும்போது வேனில் எல்லாரும் பாடினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தாராபுரம்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். வேலை தப்பித்த நிம்மதியில் தூங்குகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் வேலை உயர்ந்த நிம்மதியில் நானும் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை நான் போகும்போது அக்கா மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தார். கன்டெய்னரைத் திருப்பிக் கூப்பிடச் சொன்னார். மேனேஜர் சிரித்தார். அது எப்போதோ தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்.

"அப்பிடீன்னா என்னையப் பிசிறு வெட்டற பக்கம் மாத்தி உடுங்க சார்" என்றார் அக்கா.

பிசிறு வெட்டுவது என்றால் தைத்த துணியில் தொங்கும் நூலைக் கத்தரிக்கோலால் நறுக்குவது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை அங்கேதான் உட்கார வைப்போம். சம்பளமும் அதற்கேற்றதுதான். மேனேஜர் என்ன காரணம் என்று கேட்டார்.

"செக் பண்ணாமக் கையெழுத்துப் போட்டுட்டனுங்க. ஒருக்காப் போட்டுட்டா அடுத்தாப்லயும் போடுவனுங்க. இனி அந்த மேசையில நான் ஒக்காரக் கூடாதுங்க."

என் பெயரை அவர் சொல்லவில்லை. நான் கதவோரத்திலேயே நின்றேன். அவர் வெளியே வந்ததும் பின்னாலேயே போனேன். படிக்கட்டில் நிறுத்தி, "நான் கடிக்கலீன்னு உங்களுக்கு எப்பிடிங்கக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"கடிச்சா தாட அசையுமுங் கண்ணு. உங்க கைதான் அசைஞ்சுது."

"தெரிஞ்சும் ஏனுங்க போட்டீங்க?"

"பயந்துட்டனுங்க" என்றார். "நீங்க பயந்தாப்லயேதான்." சொல்லிவிட்டு என் சட்டைக் காலரை ஒரு பக்கம் இழுத்து நேராக்கிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு மாதம்போலப் பிசிறு வெட்டும் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அசிஸ்டென்ட் மேனேஜராகி அந்தப் பக்கம் ரவுண்டு போகும்போதெல்லாம் "வாங்க கண்ணு" என்பார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் ரவுண்டு போகும் வழியையே மாற்றிக்கொண்டேன். அவர் வேலையை விட்டு நின்றதுகூட ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். வேறொரு கம்பெனிக்குப் போனார் என்றார்கள். தேடிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை, வெட்கமாக இருந்தது. இன்னமும் இருக்கிறது.

அந்த ஆர்டரைப் பற்றிப் பையரிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. ஒரு மாதம் பயந்தேன், ஆறு மாதம் பயந்தேன், ஒரு வருடம் ஒவ்வொரு மெயிலையும் பயந்துகொண்டே திறந்தேன். அடுத்த சீசனுக்கு அதே உடுப்பைத் திரும்ப ஆர்டர் கொடுத்தார்கள். நல்ல தரம் என்று பாராட்டியும் எழுதியிருந்தார்கள். புகார் வந்திருந்தால் நாலு திட்டு வாங்கி, மெமோ வாங்கி, வேலையும் போய், விஷயம் என்றைக்கோ முடிந்திருக்கும்.